கடைசிக் குடியிருப்பையும் எட்டும் சுகாதாரம்

ஒரு வட்டாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் திறக்கப்பட்டுவிட்டால் அங்குள்ள மக்கள் அனைவருக்கும் மருத்துவ வசதி கிடைத்துவிட்டதாகக் கணக்கில் கொள்வது வழக்கம். ஆனால் கட்டடமும் மருத்துவரும் மருந்தும் ஓரிடத்தில் இருப்பது ஒன்று. அவை தேவைப்படுவோர் கைக்கு எட்டுவது வேறொன்று. தடுத்திருக்கக்கூடிய மரணங்கள் பல இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடைவெளியில்தான் நிகழ்கின்றன. இந்த இடைவெளியைக் குறைப்பதில் உள்ளூர் மக்களும் அவர்களுடைய அமைப்புகளும் ஆற்றக்கூடிய பங்கு யாது என்பதை, கடந்த ஐம்பது ஆண்டுகால இந்திய அனுபவத்தைக் கொண்டு ஆராய்வது பயனுடையதாகும்.

நாடு அடைந்துள்ள முன்னேற்றம் சிறிதன்று. மாதிரிப் பதிவு முறைப் புள்ளிவிவரங்களின்படி, 1971-ஆம் ஆண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தன. 2020-ஆம் ஆண்டில் இந்த எண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது. எனினும் அதே 2020-ஆம் ஆண்டில் நகர்ப்புறங்களில் 19 ஆக இருந்த சிசு மரண விகிதம் கிராமப்புறங்களில் 31 ஆக இருந்தது. கேரளத்தில் அது 6. மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே நாட்டில் பிறக்கும் இரு குழந்தைகளின் வாழ்வுரிமை, அவை பிறக்கும் இடத்தைப் பொறுத்து இத்துணை வேறுபடுவதே சுகாதாரத்தில் நிலவும் ஏற்றத்தாழ்வாகும்.

தொலைவு மட்டும் தடையன்று

தேவை மிகுந்த மக்களுக்கு மருத்துவ வசதி குறைவாகவும், தேவை குறைந்தவர்களுக்கு மிகுதியாகவும் கிடைக்கின்றது என்ற உண்மையை 1971-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் ஒரு விதியாகவே எடுத்துக்காட்டினார். நம் கிராமங்களில் இவ்விதி செயல்படும் முறையைக் கூர்ந்து நோக்கினால், தடையாக நிற்பது சாலையின் நீளம் மட்டுமன்று என்பது புலப்படும்.

நாட்கூலி பெறும் ஒரு தாய், காய்ச்சல் கண்ட குழந்தையுடன் சுகாதார நிலையத்துக்குச் சென்றால் அன்றைய கூலியை இழக்கிறாள். மருந்து இலவசமாயினும் அந்த நாள் இலவசமன்று. பழங்குடிப் பெண் ஒருத்தி பேசும் மொழி செவிலியருக்குப் புரியாமல் போகலாம். ஊரின் ஒரு பகுதியில் வாழ்வோர் மறுபகுதியிலுள்ள கட்டடத்தின் திண்ணையில் அமரத் தயங்கலாம். எது சாதாரண நோய், எது உடனே மருத்துவரை நாட வேண்டிய நோய் என்பதை அறியாமையும் ஒரு தொலைவே. ஒரு துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 3,000 பேருக்கும் என்பது அரசின் அளவுகோல். இந்த அளவுகோல் முழுமையாக நிறைவேறினாலும் மேற்கூறிய தடைகள் தாமே நீங்கிவிடமாட்டா.

திட்டங்களின் வரலாறு

மக்களின் பங்கேற்பு இன்றிச் சுகாதாரம் இல்லை என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் அளித்த அறிக்கையிலேயே கிராமந்தோறும் சுகாதாரக் குழு அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்துடன் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றலாயின. 1975-இல் ஸ்ரீவஸ்தவா குழு, மக்களுக்கும் சுகாதார நிலையத்துக்கும் இடையே பாலமாக, அந்தந்தச் சமூகத்திலிருந்தே பணியாளர்களைத் தேர்ந்து பயிற்றுவிக்க வேண்டும் என்று கூறியது.

இதன் விளைவாக 1977 அக்டோபர் 2 அன்று சமுதாய சுகாதாரப் பணியாளர் திட்டம் தொடங்கப்பெற்றது. ஆயிரம் மக்களுக்கு ஒருவர். மூன்று மாதப் பயிற்சி. மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். எளிய மருந்துகள் அடங்கிய பெட்டி. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அல்மா ஆட்டாவில் கூடிய உலக மாநாடு, 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்ற குறிக்கோளை அறிவித்தது. காலம் கனிந்திருந்தது, ஆயினும் திட்டம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. 2002-இல் மத்திய அரசின் நிதியுதவி நின்றதுடன் அது பெரும்பாலான இடங்களில் மறைந்தது.

இதற்குரிய காரணங்கள் இன்றும் கற்றுக்கொள்ளத்தக்கவை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பேறுகாலத் துன்பங்களைப் பெண்கள் அவர்களிடம் சொல்ல இயலவில்லை. தேர்வு பல ஊர்களில் செல்வாக்குள்ளோர் கையில் இருந்தது. மருந்துப் பெட்டி காலியானபின் நிரம்ப நாளாயிற்று. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் தொடர்ந்து கற்பிப்பாரும் வழிநடத்துவாரும் அரிதாயினர். ஊரின் பெயரால் ஒருவர் நியமிக்கப்பட்டார். ஆனால் அவருக்குப் பின்னால் ஊர் இல்லை.

ஜாம்கெட் காட்டிய வழி

அதே காலத்தில் மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் மாவட்டத்தில் (2024 முதல் அகில்யாநகர்) வேறொரு முயற்சி நடைபெற்று வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவத் தம்பதியர் ரஜனிகாந்த் ஆரோளே, மேபல் ஆரோளே இருவரும் 1970-இல் வறட்சி மிகுந்த ஜாம்கெட் பகுதியில் முழுமையான கிராம சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் மக்களை அணுகித் தேவை யாது என்று கேட்டபோது, மருந்தைவிட உணவும் நீருமே முதலில் வேண்டப்பட்டன. எனவே உழவர் மன்றங்கள் அமைப்பதும் கிணறு தோண்டுவதும் சுகாதாரப் பணியின் பகுதிகளாயின. ஆழ்குழாய்க் கிணறுகளுக்கான இடங்களைத் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளில் தேர்ந்தமையால், நீருக்காக ஊர் முழுவதும் அங்கு வரவேண்டியதாயிற்று. தீண்டாமைக்கு எதிராகச் சொற்பொழிவுகள் செய்ய இயலாததை ஒரு கைப்பம்பு செய்தது.

பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் தங்கச் செய்யும் முயற்சி அங்கு முதலில் பயன்தரவில்லை. பின்னர் அந்தந்த ஊர்ப் பெண்களையே பணியாளராக ஏற்கலாம் என்ற முடிவு பிறந்தது. அவ்வாறு வந்தவர்களுள் எழுத்தறியாதோரும், தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களும் பலர். அவர்கள் வாரந்தோறும் ஜாம்கெட் வந்து தங்கிக் கற்றனர். தம் ஊரில் கண்டவற்றைக் கூறி, மற்றவர் கூறுவதைக் கேட்டு, அடுத்த வாரத்துக்கான பாடத்துடன் திரும்பினர். பேறுகாலப் பராமரிப்பு, வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர், தொழுநோய், காசநோய் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிதல் ஆகியன அவர்கள் பணி. அவர்களால் இயலாததை ஏற்க ஜாம்கெட்டில் மருத்துவமனை இருந்தது. 1971-இல் ஆயிரத்துக்கு 176 ஆக இருந்த சிசு மரண விகிதம் 1996-இல் 26 ஆகக் குறைந்தது. 1979-இல் இத்தம்பதியர்க்கு மகசாசே விருது வழங்கப்பெற்றது.

1977-இன் அரசுத் திட்டத்தையும் ஜாம்கெட்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. இரண்டிலும் கிராமத்தவரே பணியாளர். இரண்டிலும் மருந்து எளியதே. ஆனால் ஜாம்கெட்டில் பயிற்சி முடிவுறவில்லை. மருத்துவமனையின் துணை அறுபடவில்லை. உழவர் மன்றமும் மாதர் மன்றமும் பணியாளரின் பின்னால் நின்றன.

பிறந்த 28 நாட்கள்

மகாராஷ்டிரத்தின் கிழக்கெல்லையில் கட்சிரோலி மாவட்டம் காடும் பழங்குடி மக்களும் நிறைந்தது. 1986-இல் அங்கு மருத்துவர் அபய் பங், மருத்துவர் ராணி பங் இருவரும் நிறுவிய 'சர்ச்' என்னும் அமைப்பு, மக்களின் கருத்தைக் கேட்டே தன் மருத்துவமனையைக் குடிசைகளின் வடிவில் அமைத்து, அவர்கள் வணங்கும் தந்தேஸ்வரி அன்னையின் பெயரைச் சூட்டியது. மருத்துவமனை தம்முடையது என்று மக்கள் உணர்ந்தாலன்றி அதன் கதவு திறந்திருந்தும் பயனில்லை என்பது இதன் பொருள்.

பச்சிளங் குழந்தைகளின் மரணம் அங்கு பெரும் சிக்கலாக இருந்தது. பிறந்து 28 நாட்களுக்குள் நிகழும் இம்மரணங்களைப் பெரிய மருத்துவமனையில் மட்டுமே தடுக்க இயலும் என்று அந்நாளில் கருதப்பட்டது. பேறுகள் பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்த பகுதியில் இக்கருத்து கைவிரிப்பதற்கு ஒப்பாகும். 39 கிராமங்களில் ஓரளவு படித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பேறு நிகழும்போது உடனிருத்தல், மூச்சுத் திணறும் குழந்தைக்கு உதவுதல், எடை பார்த்தல், உடல் வெப்பம் காத்தல், தாய்ப்பாலை ஊக்குவித்தல், தொற்று கண்டால் பெற்றோர் இசைவுடன் ஊசி மருந்து செலுத்துதல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். வீடு தேடிச் சென்று குழந்தையைப் பலமுறை பார்த்தனர். 1999-இல் வெளியான முடிவுகளின்படி, இந்தக் கிராமங்களில் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த பச்சிளங் குழந்தை மரண விகிதம் சுமார் 25 ஆகக் குறைந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட 47 கிராமங்களில் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

இந்த அனுபவம் ஒரு மாவட்டத்தோடு நின்றுவிடவில்லை. 2011-இல் மத்திய அரசு வீட்டுவழிப் பச்சிளங் குழந்தைப் பராமரிப்பை நாடு தழுவிய திட்டமாக ஏற்றது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆறு முறையும், வீட்டில் பிறந்த குழந்தையை ஏழு முறையும், 42 நாட்களுக்குள் ஆஷா பணியாளர் நேரில் சென்று பார்க்கவேண்டும் என்பது அதன் நெறி.

மிதானின் முதல் ஆஷா வரை

2000-இல் தோன்றிய சத்தீஸ்கர் மாநிலம், 2002-இல் மிதானின் திட்டத்தைத் தொடங்கியது. மிதானின் என்பதற்குத் தோழி என்று பொருள். இதன் சிறப்பு, பணியாளர் கிராமத்துக்கு ஒருவர் என்று வகுக்கப்படாமல் குடியிருப்புக்கு ஒருவர் என்று வகுக்கப்பட்டதாகும். ஊரின் நடுவில் வாழும் ஒருவர் ஊருக்கு வெளியிலுள்ள சேரிக்கும் பழங்குடிக் குடியிருப்புக்கும் செல்வார் என்று எதிர்பார்ப்பதைவிட, அக்குடியிருப்பு தன் பெண் ஒருத்தியைத் தானே தேர்வது உறுதியான வழி. 1977-இல் நேர்ந்த பிழை இவ்வாறு திருத்தப்பட்டது.

2005 ஏப்ரல் 12 அன்று தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஆஷா பணியாளர்களை நாடெங்கும் கொண்டுவந்தது. ஆயிரம் மக்களுக்கு ஒருவர். மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் குடியிருப்புக்கு ஒருவர் என்ற தளர்வும் உண்டு. அனைவரும் பெண்கள், அதே ஊரில் வாழ்பவர்கள். இன்று அவர்கள் எண்ணிக்கை சுமார் 10 லட்சம். தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி 2005-06-இல் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பேறுகள் 38.7 சதவீதம், 2019-21-இல் அது 88.6 சதவீதமாக உயர்ந்தது. நிதியுதவி, ஊர்தி வசதி முதலிய பலவும் சேர்ந்த விளைவு இது. எனினும் வாயிற்படியில் நின்று அழைத்துச் சென்றவர் பெரும்பாலும் ஆஷா பணியாளரே. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்குச் சிறப்பு விருது வழங்கியது.

கூடிப் பேசுவதன் பயன்

ஊழியர் ஒருவரை நியமிப்பதோடு பணி முடிவதில்லை என்பதற்கு ஜார்க்கண்டும் ஒடிசாவும் சான்று தருகின்றன. மேற்கு சிங்பூம், சராய்கேலா-கர்சாவான், கியோஞ்சர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 'ஏக்ஜுட்' என்னும் அமைப்பு 2005 முதல் 2008 வரை 244 மகளிர் குழுக்களைக் கொண்டு ஒரு முயற்சியை மேற்கொண்டது. மாதம் ஒருமுறை பெண்கள் கூடினர். கூட்டத்தை நடத்தியவர் மருத்துவப் பயிற்சி பெற்றவரல்லர், அவ்வட்டாரப் பெண்ணே. படங்களும் விளையாட்டும் கதைகளும் கொண்டு, தம் ஊரில் தாயும் சேயும் இறப்பதேன் என்று முதலில் பேசினர், பின்னர் எதை மாற்றலாம் என்று திட்டமிட்டனர், அதைச் செய்தனர், இறுதியில் பயனைத் தாமே மதிப்பிட்டனர். பேறு பார்ப்பவர் கைகழுவுதல், தொப்புள் கொடிக்குத் தூய பிளேடும் கொதிக்கவைத்த நூலும் பயன்படுத்துதல் போன்ற எளிய மாற்றங்களே மிகுதி.

2010-இல் வெளியான முடிவு வியப்புக்குரியது. மூன்று ஆண்டுகளில் பச்சிளங் குழந்தை மரணம், குழுக்கள் அமையாத பகுதிகளைவிட 32 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 45 சதவீதம் குறைவு. அதனினும் முக்கியமானது, இப்பயன் மிகவும் பின்தங்கிய குடும்பங்களில்தான் மிகுதியாகக் காணப்பட்டது என்பதாகும். பொதுவாக ஒரு புதிய வசதி வந்தால் வசதியுள்ளோர் முதலில் பயன்பெற, ஏற்றத்தாழ்வு மேலும் விரியும். இங்கோ கூட்டம் எல்லோருக்கும் திறந்திருந்தமையாலும், அங்கு பேசப்பட்டது பெண்களின் சொந்த அனுபவமாகையாலும் இடைவெளி சுருங்கியது.

தாய்சேய் நலத்துக்கு வெளியேயும் இவ்வுண்மை பொருந்தும். கேரளத்தில் தீராநோயால் படுக்கையில் கிடப்போரின் வலிநீக்கச் சேவை, கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சங்கமாகத் தொடங்கி, பின்னர் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அண்டை வீட்டாரே தொண்டர்களாக அமைந்த வலைப்பின்னலாக வளர்ந்தது. சிறு நன்கொடைகளும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் அதன் முதல். 2008-இல் மாநில அரசு இதற்கெனத் தனிக்கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளையும் இதில் இணைத்தது.

கிராமக் குழு செய்யத்தக்கவை

இன்று ஒவ்வொரு வருவாய்க் கிராமத்திலும் கிராம சுகாதார, தூய்மை, ஊட்டச்சத்துக் குழு அமைய வழி உண்டு. ஊராட்சி உறுப்பினர் அதன் தலைவர். ஆஷா பணியாளர் அதன் செயலர். உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டுப்பாடற்ற நிதியும் உண்டு. இக்குழு ஏட்டளவில் நின்றுவிடாமல் பயன்தரச் சில எளிய முறைகள் போதும்.

முதலாவது, ஊரின் படம் வரைதல். எல்லாக் குடியிருப்புகளும், ஊருக்கு வெளியே செங்கற் சூளையிலும் வயல்வெளியிலும் தங்கியிருக்கும் இடம்பெயர்ந்த குடும்பங்களும் அதில் இடம்பெற வேண்டும். படத்தில் இல்லாத வீட்டுக்கு எந்தச் சேவையும் செல்வதில்லை.

இரண்டாவது, கணக்கைக் குடியிருப்புவாரியாகப் பிரித்தல். ஓர் ஊரில் 40 குழந்தைகளில் 36 பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டிருப்பின் 90 சதவீதம் என்று மனநிறைவு கொள்ளலாம். ஆனால் விடுபட்ட நால்வரும் ஒரே குடியிருப்பைச் சேர்ந்தவர்களாயின், அக்குடியிருப்பில் தடுப்பூசித் திட்டமே இல்லை என்று பொருள். சராசரி என்பது ஏற்றத்தாழ்வை மறைக்கும் திரை.

மூன்றாவது, ஒவ்வொரு மரணத்தையும் ஆராய்தல். மருத்துவ உதவி தேவை என்று முடிவெடுப்பதில் தாமதமா, நிலையத்தை அடைவதில் தாமதமா, அடைந்தபின் சிகிச்சை பெறுவதில் தாமதமா? முதல் தாமதத்துக்கு மருந்து கல்வியும் மகளிர் கூட்டமும். இரண்டாவதற்கு ஊர்தியும் அவசர நிதியும். மூன்றாவதற்கு மேலிடத்தில் முறையிடுதல். எவர் மீதும் பழிசுமத்தும் நோக்கமின்றி இவ்வாராய்ச்சி நடைபெறவேண்டும். இல்லையேல் உண்மை வெளிவராது.

நான்காவது, இடத்தையும் நேரத்தையும் மாற்றுதல். மாதந்தோறும் நடைபெறும் கிராம சுகாதார, ஊட்டச்சத்து நாள் எப்போதும் ஒரே கட்டடத்தில், கூலி வேலை நேரத்தில் நடந்தால் ஏழைத் தாய்மார் வாரார். சில மாதங்களில் ஒதுக்குப்புறக் குடியிருப்பிலேயே அதை நடத்தலாம்.

எச்சரிக்கை ஒன்று

மக்களின் பங்கேற்பு என்பது அரசின் பொறுப்பை மக்கள் தலையில் ஏற்றுவதன்று. ஜாம்கெட்டுக்கும் கட்சிரோலிக்கும் பின்னால் செயல்படும் மருத்துவமனைகள் இருந்தன. தொண்டர் அனுப்பும் நோயாளியை ஏற்க மருத்துவரும், இரத்தமும், மருந்தும் இல்லையெனில் தொண்டரின் சொல் அடுத்தமுறை ஊரில் எடுபடாது.

ஆஷா பணியாளரின் நிலையும் சிந்தனைக்குரியது. அவர் ஊதியம் பெறும் ஊழியராகக் கருதப்படாமல், செய்த பணிக்கேற்ப ஊக்கத்தொகை பெறும் தொண்டராகவே கருதப்படுகிறார். தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றது. பணிச்சுமையோ ஆண்டுக்காண்டு பெருகுகின்றது. ஏழைப் பெண்களின் குறைந்த கூலி உழைப்பின் மீது ஏழைகளுக்கான சமநீதியைக் கட்டமுடியாது. நேரத்துக்கு ஊதியம், தீராத மருந்துப் பெட்டி, தொடர்ந்த பயிற்சி, மேற்சிகிச்சைக்குத் திறந்த கதவு ஆகிய நான்கும் அமைந்தால்தான் அவர் தன் ஊருக்கு உண்மையான தோழியாக விளங்கமுடியும்.

ஐம்பது ஆண்டு அனுபவத்தின் சாரம் எளியது. கட்டடமும் மருந்தும் அரசு தரவேண்டியவை. அவற்றைக் கடைசிக் குடியிருப்பு வரை கொண்டுசெல்லும் வழியை அக்குடியிருப்பின் மக்களே அறிவர். தம்மவர் ஒருவரைத் தேர்ந்து, கூடிப் பேசி, கணக்கைத் தாமே பார்த்து, கேள்வி கேட்கும் அமைப்பு அவர்களிடம் இருக்குமாயின் சுகாதாரம் சலுகையாக இராது, உரிமையாக மலரும்.